மஞ்சள் கை

அன்று பயிற்சி அறையில் இருந்தவர்கள்: மாமனார், அவருடைய மகன், அந்த மகனைக் கட்டிக்கொண்டவள், ரேடியோ, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சியாளர். கூரையில் ஒரு மின்விசிறி. அதையும் ஆள் கணக்கில் சேர்க்கலாம். யார் வாயை மூடினாலும் அது மூடவில்லை. அதற்குப் போட்டியாக அறையில் ரேடியோ மட்டும்தான்.

ரேடியோ என்பது ஒரு பெண். லாரிகளை அனுப்பும் பிரிவில் வேலை. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள் என்பதால் அந்தப் பெயர். மாமனார் இறக்குமேடையில் பெட்டி தூக்கியே முழங்காலைத் தேய்த்தவர். மகன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மருமகளுக்குக் குளிர் அறைக்குள் வேலை. உறைந்த பெட்டிகளை அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பதால் கிடங்கில் அவளை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் புருஷனும் சிரித்துக்கொண்டே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது.

அறைக்கு ஜன்னல் இல்லை. முன்பு காலி அட்டைப்பெட்டிகள் போட்டு வைத்த இடம். கழுவிவிட்டு, சுவரில் வெள்ளை அடித்து, நடுவில் ஒரு மேசையைப் போட்டுவிட்டார்கள். அட்டை வாசனை மட்டும் போகவில்லை.

"விளையாட்டு ஆரம்பிச்சதும் கதவு பூட்டிக்கும்," என்றார் பயிற்சியாளர். "முடிஞ்சாத்தான் திறக்கும். போன தடவை வந்தவங்க பாதியில சிகரெட் பிடிக்கப் போயிட்டாங்க. அதான்."

"விளையாட்டா?" என்றார் மாமனார். "இந்த வயசுல என்னை விளையாடச் சொல்றீங்களா தம்பி?"

"விளையாட்டு மாதிரிதான் சார். ஆனா பரீட்சை."

"அப்ப பரீட்சைன்னே சொல்லித் தொலைங்க. மருந்தை மிட்டாய்ன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு நான் என்ன கைக்குழந்தையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார்.

மேசையில் நான்கு திரைகள், திருகாணி போட்டு இறுக்கியிருந்தன. மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கைவைத்த நாற்காலி. கைவைத்த நாற்காலி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மாமனார் போய் உட்கார்ந்தார். மற்ற மூவரும் அதன் பிறகு உட்கார்ந்தார்கள். அவர் முன்னால் இருந்த திரை எதற்கானது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

விளையாட்டுக்குள் ஒரு கிடங்கு இருந்தது, இவர்களுடையதைப் போலவே. குழாய்கள், இயந்திரம், வரிசையாகக் குளிர் அறைகள். ரேடியோவின் திரையில் எச்சரிக்கைகள் வரும். மகன் திரையில் வரைபடம். பஞ்சுவின் திரையில் அழுத்தமும் குளிரும் காட்டும் முட்கள். மாமனாருடையதில் வால்வுகளும் கதவுகளும். மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்தான் திறக்க வேண்டும், மூட வேண்டும். அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது. வாயால் பேசித்தான் எல்லாம்.

"ஓரத்துல ஒரு மஞ்சள் கை இருக்கு, பாருங்க," என்றார் பயிற்சியாளர். "கூட இருக்கறவர் தடுமாறினா அதைத் தொடுங்க, அவர் திரை உங்களுக்குச் சின்னதா வரும், எங்க அழுத்தணும்னு காட்டலாம். அவர் திரையில ஒரு கை வந்து அந்த இடத்தைக் காட்டும். அவர் தொட்டா சரி, முடிவு அவருடையது. உங்களுக்கு உதவி மதிப்பெண். ஆனா அதையே நம்பாதீங்க. பேசத்தான் இந்த விளையாட்டு."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிடங்குக்குப் புது இயந்திரம் வருகிறது. இந்தப் பரீட்சைச் சான்றிதழ் இல்லாதவர்கள் அதன் பக்கத்தில் போக முடியாது, வேலையும் கிடையாது. அதோடு, கடைசி ஆட்டத்தில் தேறினால் நான்கு பேரும் தேறுவார்கள். தோற்றாலும் நான்கு பேரும்தான்.

"இன்னொண்ணு. கட்டுப்பாட்டு அறையில இருக்கறவர் வேலையை விட்டுப் போறார். அந்த இடத்துக்கு உங்க குழுவுல இருந்து ஒருத்தரை நான் சிபாரிசு பண்ணணும்."

பஞ்சு மேசைக்கு அடியில் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நுனியெல்லாம் வெளுத்துப்போய், மெழுகில் செய்தவை போல இருந்தன. குளிர் காலை அல்ல, வெளியே நல்ல வெயில். டாக்டர் அந்த விரல்களை ஊசியால் குத்திப் பார்த்திருந்தார். குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. "அந்த வேலையை விட்டு வெளிய வாம்மா. இல்லேன்னா ஒவ்வொண்ணா எடுக்க வேண்டியிருக்கும்," என்றார், கத்தரிக்காய் நறுக்குவதைப் பற்றிச் சொல்கிறவர் போல.

கட்டுப்பாட்டு அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஒரு பக்கம் தாழ்வாரத்தைப் பார்த்த கண்ணாடி. மறு பக்கம் வெளியைப் பார்த்த ஜன்னல். மத்தியானத்தில் அந்த நாற்காலியின் மேல் வெயில் விழும். அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் குளிர் அறைக் கதவுகளைத் திறப்பார், பூட்டுவார். உள்பக்கக் கைப்பிடிகள் பனியில் இறுகி உடைந்து போனபிறகு புதியவை வரும் என்றார்கள். வரவில்லை. அதற்குப் பதில் உள்ளே ஒரு மணி வைத்தார்கள். வேலை முடிந்தால் மணியை அடிக்க வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்காரர் திறந்துவிட வேண்டும். அந்தக் கதவு பின்னால் மூடும் சத்தத்தை அவள் பல வருடமாகக் கேட்டவள். அந்தச் சத்தத்துக்கு மறுபக்கம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதல் ஆட்டம் நாறிவிட்டது.

"கசிவு, கசிவு!" என்று ரேடியோ கத்தினாள். "ஐயா, மூணாவது வால்வு! மூணு! மூணு!"

"எந்தப் பக்கத்துல இருந்து மூணு?"

"இடப்பக்கம்ப்பா," என்றான் மகன்.

"என் இடமா, அதோட இடமா?"

"திரைக்கு என்னப்பா இடம் வலம்!"

"கத்தாதீங்கடா! நான் என்ன செவிடா?"

அவர் இரண்டாவதைத் திறந்தார். திரைகள் நான்கும் சிவப்பாகின. கிடங்கு வெடித்தது. விளையாட்டில்தான். ஆனாலும் மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. கதவு 'கிளிக்'கென்று திறந்தது. அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போய் இறக்குமேடை விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டமும் அப்படியே. மூன்றாவதில் அவர் கோபத்தில் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் புருஷன் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாகிட்ட யாராவது பக்குவமா சொல்லணும்."

"யாராவதுன்னா?"

"நீதான். நான் சொன்னா எரிஞ்சு விழறார். அந்த ரேடியோ சொன்னா அவருக்குக் காதே அடைச்சுக்குது."

"நான் என்னன்னு சொல்றது? மாமா, உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னா?"

"அப்படி இல்லடி. உனக்குத்தான் தெரியுமே அவரை எப்படிச் சமாளிக்கறதுன்னு."

தெரியும். மாமனார் வீட்டுச் சாவியை எங்காவது வைத்துவிட்டு ஊரைக் கூட்டுவார். அவள் சத்தம் போடாமல் தேடி எடுத்து ஆணியில் மாட்டிவிடுவாள். சற்றுக் கழித்து அவர் ஆணியைப் பார்த்து, "இங்கதானே மாட்டினேன், எவனுக்கும் கண்ணு தெரியல," என்பார். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். வீடு அமைதியாக ஓடியது இப்படித்தான்.

மறுநாள் ஆட்டத்தில் அவள் மஞ்சள் கையைத் தொட்டாள்.

அழுத்தமுள் ஏறியது. ரேடியோ வாயைத் திறப்பதற்குள் அவள் மூன்றாவது வால்வைக் காட்டிவிட்டாள். மாமனாரின் திரையில் கை வந்து நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். ஆழ்ந்து யோசிப்பவர் போல ஒரு மூச்சு விட்டு, அந்த இடத்தை விரலால் அமுக்கினார். முள் இறங்கியது.

"பார்த்தீங்களா," என்றார். "கத்தினா நடக்குமா? நிதானமா விட்டா நடக்கும்."

அன்று ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

அதன் பிறகு அறை மாறிவிட்டது. யாரும் கத்தவில்லை. சீக்கிரமே யாரும் பேசவும் இல்லை. ரேடியோ முதல் தடவையாக ஒரு பேச்சும் தேவைப்படாமல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். மகன் வரைபடத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். பேசிப் பழகுவதற்காகச் செய்த விளையாட்டை இவர்கள் பேசாமலே ஆடி ஜெயித்தார்கள். மின்விசிறி மட்டும் கறகறவென்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாமனாரின் முகத்தில் களை வந்துவிட்டது. இறக்குமேடையில் மற்றவர்களிடம் வால்வு பற்றிப் பாடம் எடுத்தார். "அழுத்தம் ஏறுதுன்னு வச்சுக்க, உடனே கை வைக்கக் கூடாது. ஒரு நிமிஷம் பொறு. அதுவே வழி காட்டும்," என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கை கழுவும் இடத்தில் ரேடியோ அவளை மடக்கினாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்பேன், மறைக்கக் கூடாது."

"நீ கேட்காம எப்ப இருந்திருக்க?"

"உங்க மாமனார் கண்ணாடியில மஞ்சளா ஒண்ணு வந்து வந்து போகுது. நான் எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன். ஊட்டி விடறீங்களா?"

பஞ்சு குழாயை மூடினாள். "பாஸ் ஆகணுமா வேணாமா உனக்கு?"

"ஆகணும். ஐயோ, நான் குறை சொல்லல. ஆனா அந்த முடிவெல்லாம் அவர் பேர்ல ஏறுதேக்கா. சிபாரிசு யாருக்குப் போகும்? நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சாருக்குத் தெரியாதா?"

"அவர் எங்க நம்ம மூஞ்சியைப் பார்க்கறார்? அவர் பார்க்கறது திரையில வர்ற மதிப்பெண் கோடு. யார் கோடு நீளமோ அவங்கதான் கெட்டிக்காரங்க." ரேடியோ கையை உதறினாள். "உங்க விரலைப் பார்த்தாலே எனக்கு என்னவோ பண்ணுது. இனிமேலாவது வாயைத் திறந்து சொல்லுங்க. அவர் கத்தினா கத்தட்டும்."

அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் ஃபோர்க்லிஃப்டின் இருக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"இப்பப் போய் நிறுத்தினா நாலு பேரும் அவுட். முதல்ல பாஸ் ஆவோம். அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

"அப்புறம்னா அப்புறம். அவர் என்ன அந்நியமா? நாற்காலி வீட்டுக்குள்ளதானே வருது!"

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின்னால் வண்டி எடுக்கும்போது அது 'பீப் பீப்' என்று கத்தும். அவனிடம் பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கடைசி ஆட்டத்தன்று பயிற்சியாளர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதவு பூட்டிக்கொண்டது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இன்று வாயால்தான் என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். மாமனாருக்கு அவ்வளவு நாள் பழக்கம் இருக்கிறதே, ஒரு வால்வாவது மனதில் தங்கியிருக்காதா?

முதலில் இயந்திரம் சூடானது. அதை எப்படியோ கடந்தார்கள். மகன் சொன்னான், அவர் தட்டுத் தடுமாறித் தொட்டார், தற்செயலாகச் சரியாக விழுந்தது. பிறகு ரேடியோ எழுந்தே நின்றுவிட்டாள்.

"நாலாவது அறையில கசிவு! உள்ள ஆள் இருக்கு!"

பஞ்சுவின் திரையில் நீலக் குளிர்கோட்டு போட்ட ஒரு சிறு உருவம் தெரிந்தது. கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வராது, கை மட்டும் மேலும் கீழும் போனது. பக்கத்தில் ஒரு கோடு, அதன் உடல் சூடு. அது இறங்கிக்கொண்டே வந்தது.

"மாமா," என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உள்ள ஆள் மாட்டிக்கிச்சு. முதல்ல நாலாவதுக்குப் போற வால்வை மூடுங்க. அப்புறம் கதவைத் திறங்க."

"எது?"

"மேல் வரிசையில. நீலக் குழாயைப் பிடிச்சுக்கிட்டே வாங்க."

"எல்லாமே நீலமாத்தானேம்மா இருக்கு."

"அப்பா, வலது ஓரம், வலது ஓரம்!"

"இரு, இரு."

அவர் குழாய்களைப் பார்க்கவில்லை. திரையின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை எப்போதும் அங்கிருந்துதான் வரும். விரலை நீட்டித் தயாராக வைத்திருந்தார். நெற்றியில் வியர்வை. உருவம் தட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது.

மாமனார் அவள் பக்கம் சாய்ந்தார். வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் போல, பயிற்சியாளருக்குக் கேட்காதபடி, கேட்டார்.

"கை எங்கம்மா? இன்னைக்குக் கை வரலையே."

அந்தக் கை அவளுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் முட்டியது. ரேடியோவின் சம்பளத்தில்தான் அவள் தம்பி படித்துக்கொண்டிருந்தான். புருஷன் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் பாதிப் பாதி. கதவு பூட்டியிருந்தது. எழுந்து போகக்கூட முடியாது.

உருவம் பக்கவாட்டில் சாயத் தொடங்கியபோது அவள் மஞ்சள் கையைத் தொட்டாள். ஒரு தடவை வால்வுக்கு. ஒரு தடவை கதவுக்கு. மாமனார் அமுக்கினார், அமுக்கினார். நான்காவது அறை திறந்தது. திரைகள் பச்சையாகின.

"அருமை!" என்று பயிற்சியாளர் கை தட்டினார். "கடைசி நொடியில பதறாம ரெண்டு முடிவு. பிரமாதம் சார்."

மாமனார் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பயிற்சியாளர் முடிவை அங்கேயே வாசித்தார். நான்கு பேரும் தேர்ச்சி. முடிவெடுக்கும் திறனில் மாமனாரின் கோடு திரையைத் தாண்டப் பார்த்தது. கட்டுப்பாட்டு அறை அவருக்கு. உதவியில் பஞ்சுவின் கோடு இதுவரை எந்தக் குழுவிலும் இல்லாத நீளம்.

"இந்த மாதிரி ஆள் களத்துல இருக்கணும்," என்றார் பயிற்சியாளர். "குளிர் அறைகள் எல்லாத்துக்கும் அக்காவையே பொறுப்பா போடச் சொல்லியிருக்கேன். இனிமே பகல் முழுக்க அங்கதான். யாருக்கு என்ன சிக்கல்னாலும் இவங்க பக்கத்துல இருந்தா போதும்."

ரேடியோகூடக் கை தட்டவில்லை. புருஷன் மட்டும் தட்டினான், அதுவும் பாதியில் நின்றது.

எல்லோரும் போனபிறகு அவள் அந்த அறையிலேயே பயிற்சியாளரைப் பிடித்தாள்.

"சார், அந்த முடிவு எதுவும் அவர் எடுத்ததில்ல. நான்தான் காட்டினேன். அவருக்கு ஒரு வால்வும் தெரியாது."

அவர் திரைகளின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"அவ்வளவு உதவி ஏறியிருக்கும்போது எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"அப்ப ஏன் சார்..."

"நான் இதை எழுதினா என்ன ஆகும்னு சொல்லுங்க. அவர் ஃபெயில். அவர் ஃபெயில்னா நாலு பேரும். அந்தப் பொண்ணு, உங்க வீட்டுக்காரர், நீங்க. மறுபடி ஆட வைக்க எனக்கு அனுமதி இல்லை. புது இயந்திரம் வந்து இறங்கியாச்சு." கம்பியை முடிச்சுப் போட்டுப் பையில் வைத்தார். "உங்க வாயால சொல்லுங்கக்கா. எழுதட்டுமா?"

வெளியே இறக்குமேடையில் ரேடியோவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரிடமோ தேறிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்," என்றாள் பஞ்சு.

"விளையாட்டுல நீங்கதான் பேசியிருக்கணும்," என்றார் அவர். பெரிய கண்டுபிடிப்பு.

வீட்டில் அன்று மாமனார் அவளிடம் தானாக வந்தார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேணாம்னு சொல்லிடட்டுமாம்மா?"

அவள் திரும்பவில்லை. சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா அந்த மேடையில இனிமே என்னால நிக்க முடியாதும்மா. காலையில எழுந்து கக்கூசுக்கே சுவரைப் பிடிச்சுத்தான் போறேன். உனக்கென்ன, சின்ன வயசு. தாங்கும்." பிறகு சமாதானமாகச் சொன்னார்: "நடுவுலதான் கண்ணாடி இருக்கே. நீ வெளிய நின்னு காட்டு. நான் அழுத்தறேன். பழகினதுதானே."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். சோப்பு நுரையில் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு, ஒப்புக்கொண்டாயிற்று என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். அதைப் பழக்கியவளே அவள்தான்.

புருஷன் படுக்கையில் சொன்னான்: "கொஞ்ச நாள் போகட்டும். அப்பா ஓய்வு எடுத்ததும் அந்த இடம் உனக்குத்தான்."

"அப்ப எனக்கு விரல் இருக்குமா?"

"எல்லாத்துக்கும் ஒரு குத்தல் பேச்சு உனக்கு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அவள் குளிர்கோட்டை மாட்டினாள். காதில் பஞ்சு வைத்தாள். கையுறையைப் போட்டாள். குளிர் அறைக்காரர்களுக்குக் கொடுப்பது எப்போதும் மஞ்சள் கையுறைதான். அதுவரை அவள் அதன் நிறத்தைக் கவனித்ததில்லை.

தாழ்வாரத்தின் கோடியில், கண்ணாடிக்குப் பின்னால், மாமனார் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கும் கை இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பழைய ஆள் விட்டுப்போன ஒரு செடி அவர் பக்கத்தில் வெயிலில் இருந்தது. அவர் முன்னால் பொத்தான்கள் வரிசையாக, விளக்குகள் வரிசையாக. விரலை நீட்டியபடி அவற்றின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது அறைக்கு முன்னால் போய் நின்று அவள் கையைத் தூக்கினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணாடிக்கு நேராக விரலை நீட்டி, மேலே, வலது பக்கம், இன்னும் வலது பக்கம் என்று காட்டினாள். அவர் விரல் அவள் விரலைப் பின்தொடர்ந்து நகர்ந்தது. நின்றது. அவர் தொண்டையைச் செருமியது கண்ணாடி வழியாகக் கேட்கவில்லை, கழுத்து அசைந்தது மட்டும் தெரிந்தது. அமுக்கினார். கதவு திறந்தது. வெண்புகை போலக் குளிர் தரையில் வழிந்து அவள் காலைச் சுற்றியது.

மாமனார் முகம் மலர்ந்தது. பார்த்தாயா என்று அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். எஃகுத் தகடு. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு துளைகள். பக்கத்துச் சுவரில் மணி. அடித்தால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்கு எரியும். எந்த விளக்குக்கு எந்தப் பொத்தான் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே எங்கும் கண்ணாடி கிடையாது. கதவு மூடிவிட்டால் உள்ளிருந்து அவள் எதைக் காட்டினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"பஞ்சக்கா, மூணு லாரி நிக்குது!" என்று பின்னால் ரேடியோ குரல் கொடுத்தாள். "சீக்கிரம்க்கா!"

அவள் பெட்டித் தள்ளுவண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பனி கட்டிய தரையில் சக்கரங்கள் கிறீச்சிட்டன. நான்கு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவின் வழியே தாழ்வாரமும் கண்ணாடியும் இன்னும் தெரிந்தன. பூட்டும் பொத்தானைக் காட்ட அவள் கையைத் தூக்கவில்லை. பூட்டாமல் விட்டால் குளிர் வெளியே போய் அவருக்குக் கெட்ட பெயர். பூட்டினால் அவள் வெளியே வருவது அவர் கையில். தான் காட்டாவிட்டால் அவர் என்ன செய்வார் என்று அவளும் ஒரு நிமிடம் பார்த்தாள்.

அவர் குனிந்தார். தேடவில்லை. அந்த ஒரு பொத்தான் பெரிதாக, சிவப்பாக, தனியாக இருந்தது. யாரும் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

கதவு மெல்ல வந்து அவள் முதுகுக்குப் பின்னால் மூடியது. தாழ் விழுந்தது.